பொம்பருக்கு உடுப்புத் தைத்த அல்போன்சம்மா

அல்போன்சம்மாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி அனுசூயா, "அவங்க கேட்டாங்களா?" என்றாள். கேட்கவில்லை. கேட்கிற ரகமும் இல்லை. மொன்றியலில் நம்மவர்கள் போடும் மலர்களில் டாக்டர்களையும் பேராசிரியர்களையும் பற்றியே படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. பொறியாளர் ஜம்புநாதன் என்று என்னைப் பற்றியும் ஒரு பக்கம் வந்திருக்கிறது. அதில் பாதி புளுகு. இந்தக் குறிப்பில் புளுகு இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் யாழ்ப்பாணக் கரையோரத்தில் 1950இல் பிறந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பது தொழில். தைத்து முடித்ததை அப்படியே மடித்துக் கொடுக்க மாட்டார். நீலம் போட்டு ஒருமுறை தோய்த்துக் காயவைத்துத்தான் கொடுப்பார். வேறு எந்தத் தையல்காரரும் அங்கே அப்படிச் செய்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1990இல் ஒரு காலை, கொடியில் இருபத்திரண்டு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தபோது பொம்பர் வந்தது. குண்டு போடும் விமானத்தை யாழ்ப்பாணத்தில் பொம்பர் என்றுதான் சொல்வார்கள். சத்தம் கேட்டதும், மேலிருந்து கண்ணில் பட்டுவிடும் என்ற பயத்தில், கொடியில் கிடக்கும் வெள்ளையை இழுத்து உள்ளே போடுவது அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் முதல் வேலை. காய்ந்ததா ஈரமா என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு அல்போன்சம்மா கிணற்றடியில் இருந்தார். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முற்றத்தில் நின்ற மகன் ஜெறோமுக்கு ஒன்பது வயது.

அவருடைய கணவர் செபமாலை, பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து, "உன்ர வெள்ளைதான் கூப்பிட்டது" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து இருவரும் மகள் றோசாவைக் கூட்டிக்கொண்டு மொன்றியல் வந்து சேர்ந்தார்கள். செபமாலைக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கிற வேலை. அல்போன்சம்மாவுக்கு ஷபனெல் தெருவில் ஓர் ஆடைத் தொழிற்சாலை. 2006இல் அது மூடப்படும்வரை அங்கேதான் தைத்தார்.

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். விமானத்தில் மேலே இருப்பவனுக்குக் கொடியில் காயும் துணி கண்ணுக்குத் தெரியுமா? ஃபாதர் தெரியாது என்றார். அவருடைய அக்கா தெரியாது என்றார். இங்கே ஒரு டாக்டரும் தெரியாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர்களில் ஒருவரும் குண்டோடு மேலே போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

இது ஒன்றும் தெரியாமல், 2007 இலையுதிர் காலத்தில், அவரைப் பொம்பருக்குத் தைக்கக் கூப்பிட்ட புத்திசாலி நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தால் அனுசூயா என்னை அலமாரி துடைக்கச் சொல்வாள். அதற்குப் பயந்து, பழைய விமானம் ஒன்றைச் செப்பனிடும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். புவாண்ட்-கிளேரில் கிட்டங்கிகளுக்கு நடுவே வாடகைக்கு எடுத்த கொட்டகை. உள்ளே ஒரு விமானமும் பன்னிரண்டு கிழவர்களும். எல்லாரும் ஒரு காலத்தில் மேனேஜர்கள். ஒருத்தருக்கும் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.

விமானத்தின் பெயர் போலிங்புரோக். அதன் பூர்வீகம் ஒரு பணக்காரரின் ஆசை. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை முதலாளி தனக்கு வேகமான பயணி விமானம் ஒன்று வேண்டும் என்று செய்யச் சொன்னார். 1935இல் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தால், விமானப்படையின் சண்டை விமானங்களைவிட வேகமாகப் போனது. படைக்காரர்களுக்கு மானம் போயிற்று. உடனே அதையே மூன்று பேர் ஏறும் இலகுரகக் குண்டுவீச்சு விமானமாக மாற்றி, பிளென்ஹைம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 1939இல் யுத்தம் தொடங்குவதற்குள் எதிரியின் சண்டை விமானங்கள் அதை முந்திவிட்டன. வேகத்தை நம்பிப் பகலில் அனுப்பினார்கள். கூட்டம் கூட்டமாக விழுந்தது. அதே விமானத்தைக் கனடாவிலும் கட்டினார்கள். நம் ஆற்றுக்கு அக்கரையில், லோங்கேயில்தான். அறுநூறுக்கு மேல். கனடாவில் அதன் பெயர் போலிங்புரோக். சில கடலோரக் காவலுக்கும் அலாஸ்காப் பக்கமும் போயின. மிச்சமெல்லாம் குண்டு போடவும் துப்பாக்கி சுடவும் ஆட்களைப் பழக்கின. யுத்தம் முடிந்ததும் விவசாயிகள் வாங்கிச் சக்கரத்தையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றிக்கொண்டார்கள். எங்களுக்கு வந்தது மானிடோபாவில் ஒரு வயலோரம் கோழி அடைந்து கிடந்த ஒன்று.

உடம்பெல்லாம் அலுமினியத் தகடு. வாலில் இடவலமாகத் திருப்பும் சுக்கானும், மேலே கீழே அசையும் பலகைகளும் மட்டும் துணி. உலோகச் சட்டத்தின் மேல் லினன் துணியைப் போர்த்தி, கையால் தைத்து, அதன்மேல் டோப் என்ற ஒரு பூச்சைப் பூச வேண்டும். பூசிக் காய்ந்தால் துணி மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். தைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயம் அனுசூயாவின் ரவிக்கைகளை வாங்க பாக் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கேதான் அல்போன்சம்மாவை முதலில் பார்த்தது. ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டே என்னோடு பேசினார். துணியைப் பார்க்கவே இல்லை. தையலைப் பார்த்தேன். ஒன்று போல் ஒன்று. அங்கேயே விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன பிளேன் அண்ணை?" என்றார்.

"பழைய பிளேன்மா. குண்டு போடுறது."

"பொம்பரோ?"

"ஆமா, பாம்பர்தான்."

அவர் கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். அதை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து படத்தை வேறு எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள ஏறிப் பாக்க விடுவினமோ?"

"தாராளமா."

"அப்ப வாறன்."

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது அனுசூயா தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க பையன் எப்படிப் போனான்னு தெரியுமா உங்களுக்கு?" ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்களுக்குத் தெரியாத கதை இந்த ஊரில் இல்லை. முழுக்கச் சொன்னாள், கணவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை உட்பட. எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே போன் செய்து, வர வேண்டாம், நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன் என்றேன்.

"நான் வாறன் எண்டு சொன்னனான் எல்லோ," என்றார் அல்போன்சம்மா.

சனிக்கிழமை செபமாலை அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு சனிக்கிழமைகூட வந்ததில்லை. காலையில் இறக்குவார், பின்னேரம் வந்து காரிலேயே காத்திருப்பார். "பொம்பருக்கோ தைக்கப் போறாய்?" என்று வீட்டில் ஒருமுறை கேட்டாராம். ஓம் என்றாராம் இவர். அதோடு சரி.

சுக்கானை அவர் முதல் மாதத்திலேயே முடித்தார். வளைந்த ஊசியால் சட்டத்தின் இரண்டு பக்கமும் கோர்த்து, மெழுகு பூசிய நூலில் முடிச்சு முடிச்சாக. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. கிழவர்கள் வரிசையில் நின்று தடவிப் பார்த்தார்கள். பிறகு டோப் பூசினோம். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், சுக்கானின் பின்விளிம்பு உள்ளே வாங்கி வளைந்து கிடந்தது.

விஷயம் எளிது. டோப் துணியைச் சுருக்கும். அதற்காகத் துணியைக் கொஞ்சம் தளர்த்திப் போர்த்த வேண்டும். அல்போன்சம்மாவோ, ஒரு சுருக்கம் இருந்தாலும் மேற்பார்வைக்காரி முகத்தில் எறிகிற தொழிற்சாலையில் பதின்மூன்று வருஷம் இருந்தவர். இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். ஏற்கெனவே இறுகியிருந்த துணி மேலும் இறுகி உலோகச் சட்டத்தையே வளைத்துவிட்டது.

"பிழை என்ர," என்றார் உடனே. ஒரு வார்த்தை விவாதம் இல்லை. கத்தரியை எடுத்து மூன்று வாரத் தையலை வெட்டத் தொடங்கினார்.

டோப் சுருங்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். பொறியியல் படித்தவன், அதில் சம்பளம் வாங்கியவன். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல்.

"ஏன்மா எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிறீங்க? நான் சொல்லலை. தப்பு என்னோடது."

"சரி அண்ணை," என்றார். வெட்டுவதை நிறுத்தவில்லை. நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சுக்கானைத் தளர்த்தித் தைத்து முடித்தபோது 2008 மார்ச். வெளியே இன்னும் பனி. அன்று மத்தியானம், "ஏறிப் பாக்கலாம் எண்டனீங்கள்," என்றார். விமானத்தின் மூக்கில் குண்டு போடுகிறவன் இருக்கும் இடத்தில் கண்ணாடி உண்டு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர்ந்து போய், அந்தக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். அரை மணி நேரம் அப்படியே கிடந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சீமெந்துதான் தெரியுது," என்றார் இறங்கி வந்து. பிறகு கேட்டார். "அண்ணை, நீங்கள் படிச்ச ஆள். மேல இருந்து பாத்தா கொடியில கிடக்கிற உடுப்புத் தெரியுமோ?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலையும் தயாரித்து வைத்திருந்தேன். 1942 ஏப்ரலில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஒன்பது பிளென்ஹைம்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போனதைச் சொன்னேன். பதினோராயிரம் அடியிலிருந்து போட்ட குண்டுகளில் ஒன்றுகூடக் கப்பலில் விழவில்லை. ஒன்பது போய் நாலு திரும்பியது. "அவ்ளோ பெரிய கப்பல்மா. எண்ணூறு அடிக்கு மேல நீளம். அதையே அடிக்க முடியலை. கொடித் துணியா தெரியப் போவுது?"

எல்லாம் உண்மை. சொன்ன நோக்கம் மட்டும் பொய். உயரத்தில் போகிற விமானம் வேறு, தாழப் பறப்பது வேறு என்று எனக்குத் தெரியாதா?

"எங்கட பொம்பர் உயரத்தில வரேல்லை அண்ணை," என்றார் அவர் பொறுமையாக. "பதிஞ்சு வந்து குத்திப்போட்டு எழும்பினது. ஓட்டினவன்ர தலை தெரிஞ்சது எண்டு சனம் சொன்னது." பிறகு விமானத்தின் மூக்கைக் காட்டி, "இதில இருந்து போட்டவை ஆரும் உயிரோட இருக்கினமோ?" என்றார்.

இருந்தார். எங்கள் கொட்டகையிலேயே இருந்தார். மிஸ்யூ ஜெரார், வயது எண்பத்தாறு. போலிங்புரோக்கில் பயிற்சி எடுத்து, பிளென்ஹைமில் பர்மாவில் குண்டு போட்டவர். சனிக்கிழமை தவறாமல் டோனட் வாங்கிக்கொண்டு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குப் பயமாக இருந்தது. "இருக்கார், ஆனா அவருக்குக் காது கேக்காது," என்று சொல்லிவைத்தேன்.

அல்போன்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் கிழவர் வெளியே நின்ற காரின் ரேடியோவில் ஹாக்கி ஸ்கோர் கேட்டுச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், வேலையை முடித்து நூலையெல்லாம் பையில் எடுத்து வைத்த பிறகு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெரார் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு என்னுடைய உதவி தேவைப்படவில்லை. முப்பத்துநாலு வருஷம் இந்த ஊரில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிய எனக்கு பிரெஞ்சு அரைகுறை. ஹெய்ட்டிப் பெண்களோடு ஒரே மேசையில் தைத்த அவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் விளங்கியது.

தாழப் பறக்கும்போது கொடியில் காயும் வெள்ளைத் துணி தெரியுமா என்று கேட்டார்.

ஜெரார் உடனே தலையாட்டினார். "தெரியும் மதாம். எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிவது அதுதான். நாங்கள் இருநூறு அடியில் போவோம். காட்டுக்குள் வீடு தெரியாது, துணி தெரியும்."

அந்தக் கிழவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று இருந்தது எனக்கு. அல்போன்சம்மாவின் கை மடியில் அசையாமல் கிடந்தது. பதினெட்டு வருஷமாக எல்லாரும் சேர்ந்து மூடி வைத்ததை இந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டார். அல்போன்சம்மா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. இன்னொன்று கேட்டார்.

"பெரிய சட்டையா, சின்னச் சட்டையா என்றும் தெரியுமா?"

ஜெரார் கையிலிருந்த டோனட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தார். ஆறு வருஷமாக அவரைத் தெரியும் எனக்கு. பர்மாவின் கொசுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், சமையல்காரனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும்," என்றார். "ஓர் ஆற்றங்கரை. படகுகள் அங்கே நிற்கின்றன, அடியுங்கள் என்று கட்டளை. போனபோது படகு இல்லை. கொடியில் துணி இருந்தது. எல்லாம் சின்னச் சின்னது. பிள்ளைகள் இருக்கிற இடம் என்று தெரிந்தது. பொத்தானில் என் விரல் இருந்தது. அழுத்தினேன்."

"தெரிந்துமா?"

"தெரிந்துதான் மதாம். துணி என்ன செய்யும்? அழுத்தியது நான்."

கொட்டகையின் மறுகோடியில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெராரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அல்போன்சம்மா அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து, "மெர்சி மிஸ்யூ" என்றார். சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அவருடைய பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"அண்ணை," என்றார் திரும்பாமல். "அது பிள்ளையளின்ர சட்டை எண்டு அண்டைக்கு வந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இருபத்திரண்டும் சின்னச் சட்டை. கண்டுபோட்டுத்தான் போட்டவன்."

"ஆமாம்மா."

"அப்ப கூப்பிட்டது நான் இல்லை."

தெரியாது, தெரியாது என்று ஊரே சொன்ன பொய்க்குள் இத்தனை வருஷம் அவரை அடைத்து வைத்திருந்திருக்கிறோம். நானும் எண்ணூறு அடிக் கப்பலோடு போய் என் பங்குக்கு ஒரு பூட்டுப் போடப் பார்த்தேன். நினைக்கவே எனக்குக் கூசியது.

வெளியே செபமாலை காரில், ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டபடி இருந்தார். அல்போன்சம்மா வழக்கம்போல் சுற்றிப் போய் ஏறவில்லை. அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

"உள்ள ஒரு கிழவன் இருக்கிறார். பொம்பரில இருந்து போட்டவர்," என்றார். "கேட்டனான். உடுப்புத் தெரியுமாம். சின்னப் பிள்ளையளின்ர எண்டும் தெரியுமாம். தெரிஞ்சுதான் போடுறவையாம்."

செபமாலை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் தெரிஞ்சு போட்டான். நீங்கள் என்னைச் சொன்னீங்கள்."

நான் பையோடு மூன்றடி தள்ளி நின்றேன். போய்விடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

"நான் ஒருக்காத்தான் சொன்னனான்," என்றார் செபமாலை.

"ஒருக்காச் சொன்னதே எனக்குக் காணும்," என்றார் அல்போன்சம்மா.

செபமாலை என்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். தொப்பிகூட இல்லாமல் பனியில் அவர் முன்னால் நின்று, அந்த மனிதர், அறுபது வயதுக்காரர், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். அல்போன்சம்மா அவரைத் தொடவில்லை. போகவும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.